இரண்டு பாகம் தூரம்

கமராவைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவதற்கு எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. அரிசி விலையும் ஆசிரியர் சம்பளமும் பேசப்படும் இடத்தில் ஒரு கண்ணாடி வில்லைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பார்கள். எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் அந்தக் கேள்வி ஏற்கெனவே எழுந்துவிட்டது. "தமிழ் படிப்பிக்கிற மனுசனுக்கு இந்தப் பூதக்கண்ணாடி எதுக்கு? உந்தக் காசுக்கு ரெண்டு அலுமாரி புத்தகம் வாங்கியிருக்கலாமே!" என்றார் எனக்கு மூத்தவர் ஒருவர். அவர் சொன்னதில் பிழையில்லை. படமெடுத்தல் காசுள்ளவர்களின் பொழுதுபோக்காகவே நம் நாட்டில் நெடுங்காலம் இருந்துவந்தது. ஆயினும் ஒன்று. நாம் படமெடுக்காவிட்டால் நம்மைப் பிறர் எடுக்காமல் விடுவதில்லை. மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பைக் காட்டும் பழைய அஞ்சலட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். சுழியோடிகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருப்பார்கள். தோணிகளின் எண்ணிக்கை தெரியும், உடம்பின் கறுப்புத் தெரியும். எந்த ஒரு மனிதனும் இன்னார் என்று தெரியாது. யார் பார்க்கிறார்கள், எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார்கள் என்பது இலக்கியத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

இந்த உபதேசத்தை நான் பிறருக்குச் செய்யப் புறப்படவில்லை. எனக்கு அது ஒரு பெண்மணியிடமிருந்து, பலர் முன்னிலையில், கிடைத்தது.

நான் முதலில் வைத்திருந்தது பழைய கனன் கமரா ஒன்று. கொழும்பில் இரண்டாம் கையாக வாங்கியது. அதனோடு 55 முதல் 250 மில்லிமீற்றர் வரை நீளும் தொலைவில்லை ஒன்றையும் வாங்கியிருந்தேன். கடையிலே அதைக் கண்ணில் வைத்துத் தெருவின் மறுகோடியிலிருந்த பெயர்ப்பலகையை வாசித்தபோது ஏற்பட்ட பெருமிதம் இன்னும் நினைவிருக்கிறது. எவரையும் தொந்தரவு செய்யாமல், எவருக்கும் தெரியாமல், வாழ்க்கையை அதன் இயல்பில் பிடிக்கலாம் என்று நம்பினேன். யதார்த்தவாதம் என்ற சொல்லை அப்போது அடிக்கடி சொல்லிக்கொள்வேன்.

பேசாலைக் கரையில் ஒருநாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த வயது முதிர்ந்த பெண்மணி ஒருவரை அவ்வில்லையால் எடுத்தேன். நான் நின்றது நெடுந்தூரத்தில், ஒரு வாடியின் மறைவில். அவர் நெற்றியிலே கையை வைத்துத் தலைகுனிந்து நின்றார். பின்னணி முழுவதும் பால்போல் கலங்கி, முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் வந்திருந்தன. பாடசாலைக் கண்காட்சியில் அதைப் பெரிதாக அச்சிட்டு வைத்து, அடியில் "உழைப்பின் துயரம்" என்று எழுதினேன். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இரண்டாம் நாள் அந்தப் பெண்மணியே வந்துவிட்டார். அவருடைய பேத்தி எங்களிடம் எட்டாம் ஆண்டில் படிப்பதை நான் அறிந்திருக்கவில்லை.

படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு என்ன துயரம்? அண்டைக்கு வெயில் கண்ணில அடிச்சது, கையை வைச்சன். எனக்குப் பக்கத்தில நாலு பொம்பிளையள் நிண்டு பகிடி விட்டுச் சிரிச்சுக்கொண்டு நிண்டவை. அவையளை எங்க விட்டிட்டீங்கள்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை. "கேட்டிருந்தா நல்ல சீலையெண்டாலும் உடுத்திருப்பன்."

மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மூலப்படத்தைப் பார்த்தேன். அந்த நால்வரும் அதில் இல்லை. நான் அவர்களை வெட்டவில்லை, வில்லை வெட்டியிருந்தது. எங்கள் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். என் கமராவிலுள்ள உணரி, 1925-இல் லைக்கா கமரா சந்தைக்கு வந்தபின் உலகமெங்கும் வழக்கமாகிவிட்ட 24-க்கு 36 மில்லிமீற்றர் சட்டத்தைவிடச் சிறியது. ஆகவே எந்த வில்லையின் குவியத்தூரத்தையும் 1.6-ஆல் பெருக்கியே கணக்கிட வேண்டும். 250 என்பது 400 ஆகிறது. அது காண்பது 6 பாகை அளவே. சுற்றிலுமுள்ள 360 பாகையில் 6 பாகையை எடுத்துவைத்துக்கொண்டு, வாழ்க்கை இதுதான் என்று நான் அடியில் தலைப்பெழுதியிருக்கிறேன்!

அந்தத் தொலைவில்லையை விற்றேன். (வங்காலைச் சரணாலயத்துப் பூநாரைகளை எடுப்பவர்களுக்கு அது வேண்டும்; பறவை தன் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை.) விற்ற காசோடு சீட்டுக்காசும் சேர்ந்தது. எதை வாங்குவது என்ற ஆராய்ச்சி இரண்டு மாதம் நடந்தது. அகலக்கோணம் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எவ்வளவு அகலம்? முழுச்சட்டக் கணக்கில் 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ 47 பாகை காணும். 35 காண்பது 63. 28 காண்பது 75. 24 காண்பது 84. 20-க்குக் கீழே போனால் மனிதர் மனிதராக இருப்பதில்லை. ஓரத்தில் நிற்பவரின் தலை பூசணிக்காயாக நீண்டுவிடும். நான் தெரிந்தது 24 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 2.8 துவாரமும் உடைய, மாறாக் குவிய வில்லை ஒன்றை. என் கமராவில் அது 38-க்குச் சமம். பெரிய அகலமென்று சொல்லமுடியாது. ஒரு மனிதனும் அவன் வீட்டு வாசலும் அடங்கும் அகலம். நிறையோ 125 கிராம். தோசைபோல் தட்டையான அதை முதன்முதலாகப் பார்த்த என் மனைவி, "மூடியை மட்டும் தந்து அனுப்பிப்போட்டாங்களோ?" என்று கேட்டார்.

"கமராவோடு வந்த 18-55 வில்லையிலேயே 24 இருக்கிறதே, அதற்கேன் தனி வில்லை?" என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்தச் சூம் வில்லையை 24-இல் வைக்கும்போது அதன் துவாரம் 4 அளவுக்குமேல் திறவாது, 2.8 துவாரம் அதனிலும் இருமடங்கு ஒளியை விடும். மீனவர் கரைக்கு வருவது விடியற்புறத்தில். அந்த வேளையில் இருமடங்கு என்பது சிறிய காரியமன்று. ஆனால் உண்மைக் காரணம் வேறு. கையிலே சூம் இருக்கும்வரை என் கால்கள் நகர்வதில்லை. தூரத்தில் நின்றபடி விரலால் வளையத்தைத் திருகிவிடுகிறேன். மாறாக் குவிய வில்லையில் அந்தச் சௌகரியம் இல்லை. ஒருவருடைய முகம் வேண்டுமானால் அவர் பேசினால் கேட்கும் தூரத்துக்குப் போகவேண்டும். போனபின் பேசாமலிருக்க முடியாது. பேசினால், "எடுக்கலாமோ?" என்று கேட்காமலிருக்க முடியாது. கேட்டால், "வேண்டாம்" என்ற பதிலும் வரக்கூடும். இத்தனையும் அந்த 125 கிராமுக்குள் இருக்கிறது.

இந்த வில்லைக்கு ஒரு சிறு வரலாறும் உண்டு. கண்ணால் பார்ப்பதற்காகக் கமராவினுள் ஆடியொன்று மேலும் கீழும் அசையும் வகையில், வில்லைக்கும் படத்தளத்துக்கும் இடையே வெளி வேண்டும். குவியத்தூரம் குறுகிய வில்லையோ படத்தளத்தை ஒட்டி நிற்கவேண்டியது. ஆடி அதில் முட்டும். இந்தச் சிக்கலை அவிழ்த்து, முன்பக்கத்தில் ஒளியை விரிக்கும் கண்ணாடியை வைத்துப் பின்னே வெளியை உண்டாக்கிய 35 மில்லிமீற்றர் வில்லையைப் பிரான்சு நாட்டு ஆஞ்செனியே 1950-இல் வெளியிட்டார். தொலைவில்லையைத் தலைகீழாகத் திருப்பியது போன்ற வழி அது. இன்று ஆடிக் கமராக்களுக்கான அகலக்கோண வில்லைகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவையே.

வில்லையை மாட்டியபின் கழற்றக்கூடாது என்பது மன்னாரில் கண்ட பாடம். சோளகக் காற்று அடிக்கும் மாதத்தில் தலைமன்னார்க் கரையில் நின்று ஒருமுறை வில்லை மாற்றினேன். அதன்பின் மூன்று மாதம் என் வானமெங்கும் கறுப்புப் புள்ளிகள். ஒரு மாணவி அவற்றைப் பறவைகள் என்றே நினைத்துக் கட்டுரையிலும் எழுதிவிட்டாள்.

இனிக் கரைவலைக்கு வருகிறேன்.

தாழ்வுபாட்டுக் கரையில் வலை இழுப்பவர்களிடம் நான் போனது விடுமுறை நாளொன்றில். வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலிலே வளைத்த வலையின் இரு தலைக்கயிறுகளையும் கரையில் இரு வரிசையினர் பின்னோக்கி நடந்து நடந்து இழுக்கிறார்கள். வலை அண்மிக்க அண்மிக்க இரு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் மடி கரையேறும். அவர்களுக்கு இடையே நின்று எடுக்க முயன்றபோது என் கமரா எதிலே குவிவது என்று தெரியாமல் தடுமாறியது; அது முடிவு செய்வதற்குள் கை மாறிவிடும், முகம் திரும்பிவிடும். இதற்குப் பழைய படப்பிடிப்பாளர் வழியொன்று உண்டு. துவாரத்தை 8-க்குக் குறுக்கி, குவியத்தை ஒரு குறித்த தூரத்தில் நிறுத்திவிட்டால், அந்தத் தூரத்தின் பாதியிலிருந்து அடிவானம் வரை யாவும் போதிய தெளிவோடு விழும். என் கமராவுக்கும் வில்லைக்கும் அந்தத் தூரம் ஏறத்தாழ 3.6 மீற்றர். என் வில்லையிலோ தூரம் காட்டும் எண்கள் இல்லை. மணலில் காலால் அளந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, ஓய்ந்திருந்த முதியவர் ஒருவர் என்ன தேடுகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

"எத்தினை மீற்றர்?"

"மூண்டரை சொச்சம், ஐயா."

"ரெண்டு பாகம் எண்டு சொல்லுங்கோவன்" என்று இரு கைகளையும் அகல விரித்துக் கயிற்றில் இருமுறை அளந்து காட்டினார்.

கடலின் ஆழத்தை அவர்கள் அளக்கும் பாகம் அது. ஒரு மனிதன் விரித்த கைகளின் நீளம். இரண்டு பாகத்தில் நிறுத்தினால் ஒரு பாகத்திலிருந்து கடலின் எல்லை வரை தெளிவு. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கணக்கே வாய்பாடு. இரண்டு பாகத்தில் நிற்கும் ஒருவர்மேல் குவித்து, கமராவின் தன்னியக்கத்தை நிறுத்திவிடுவேன். பிறகு கமராவைப் பற்றி எண்ணவே வேண்டியதில்லை.

அன்று எடுத்தவற்றுள் ஒரு படத்தை நான் இன்னும் சுவரிலே வைத்திருக்கிறேன். முன்னே ஒரு இளைஞனின் கை, கயிற்றின் நார் தெரியுமளவுக்குப் பெரிதாக. அந்தக் கயிற்றைக் கண் பற்றிக்கொண்டே போனால் பின்னால் ஆறு பேர், அதற்கப்பால் அலை, அலையைத் தாண்டி மறுவரிசையினர் விரலளவு. வலது ஓரத்தில், ஓலைக் கொட்டிலின் நிழலிலே, கொப்பியும் பேனையுமாகச் சம்மாட்டி. பழைய வில்லையாக இருந்தால் இளைஞனின் தோள் மட்டும் வந்திருக்கும். வெண்கலச் சிலைபோல் அழகாயிருந்திருக்கும். இதிலே அழகு குறைவு. ஆனால் கயிறு யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்பது தெரிகிறது. சம்மாட்டியைக் கொடியவராகக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. அவரும் வலைக்குப் பட்ட கடனைப் பற்றியே அன்று முழுவதும் கதைத்தார். கொப்பியில் இருந்ததும் அந்தக் கணக்கே.

கரைவலைப் பாடுகள் சிலவற்றில் கயிற்றை மனிதர் இழுக்கவில்லை. உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழலுருளை இழுத்தது. அதையும் ஓரிடத்தில் எடுத்தேன். கயிறு இருக்கிறது, கடல் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, சாரதி இருக்கிறான். மற்றவர்கள் நின்ற இடத்தில் மணல் இருக்கிறது. நல்ல தெளிவான படம். அதைப் பார்ப்பவர்கள், "என்ன விசாலமான கரை!" என்கிறார்கள்.

அகலக்கோண வில்லையைப் புகழ்ந்துகொண்டே போனால் நான் பொய்யனாவேன். அதுவும் பொய் சொல்லும். வேறு விதமாகச் சொல்லும். கமராவை அண்ணாந்து பிடித்தால் நேரான பனைகள் ஒன்றன்மேலொன்று சாய்கின்றன. பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தின் அடிச்சுற்று 19.5 மீற்றர், அதன் அருகே என் மாணவர்கள் எடுத்த படத்தில் முன்னே நின்ற பையனின் சப்பாத்து மரத்தைவிடப் பெரியது. ஆறடி அகலச் சமையலறை மண்டபமாகிறது. எல்லாவற்றிலும் கொடியது, தூரத்திலுள்ளவற்றை அது இல்லாததுபோலாக்கிவிடுவது. நான்கு பனையும் ஒரு மணல்மேடும் முன்னே இருந்தால், பின்னாலுள்ள கிராமம் முழுவதும் ஒரு கோடாகத் தேய்ந்துவிடும். மணலின் இல்மனைற்றுக்கும் வீசும் காற்றுக்கும் விலை பேசப்படுகின்ற ஒரு தீவில், "இங்கே எவரும் இல்லை" என்று காட்டக்கூடிய படம் சாதாரணப் படமன்று.

2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகள் தீவின் தென்கரையோரம் நிற்கின்றன. மேலும் காற்றாலைகள் தீவினுள் வேண்டாமென்று 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது, அயலூர் இளைஞர் சிலர் என்னைப் படமெடுக்க அழைத்தார்கள். மழைவெள்ளம் வடிந்து கடலுக்கு ஓடாமல் வளவுகளில் தேங்கி நிற்பதற்குக் காற்றாலைப் பாதைகளும் காரணம் என்பது அவ்வூரவர்களின் குறை. முந்திய மாரியில் நீர் நின்ற வீடொன்றின் முற்றத்தில் நின்று என் வில்லையால் பார்த்தேன். வீடு முழுவதும் வந்தது. சுவரின் நீர்க்கோடு வந்தது. காற்றாலையோ தீக்குச்சிபோல் ஒரு மூலையில் நின்றது. இளைஞர்களுக்குத் திருப்தியில்லை. அவர்களில் ஒருவர் தொலைவில்லையோடு வெகுதூரம் பின்னே போய் எடுத்துவந்து காட்டினார். அதிலே காற்றாலை வீட்டுக்கூரையின்மேல் ஏறி நிற்கும் அரக்கனைப்போல் இருந்தது.

"எது உண்மை, சேர்?" என்றார்.

இதற்கு இன்றுவரை என்னிடம் ஒழுங்கான விடையில்லை. இரண்டு வில்லைகளும் பொய் சொல்லவில்லை. ஒரு பொருள் இன்னொன்றோடு எந்த அளவில் தெரிகிறது என்பதை நிர்ணயிப்பது வில்லையன்று, நாம் நிற்கும் இடமே. வில்லை எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. இதைப் பௌதிக ஆசிரியர் சொன்னபோது நான் நம்பவில்லை. இரு இடங்களிலும் நின்று இரு வில்லைகளாலும் எடுத்துப் பார்த்தபின்னரே நம்பினேன். அரக்கன் படத்தைப் பதாகையில் போட்டார்கள். என் படத்தைப் போடவில்லை. போராட்டத்துக்கு எது உதவும் என்பதில் அவர்களே சரியாக இருந்திருக்கலாம். ஆயினும் அந்த வீட்டுக்காரர் என் படத்தைத்தான் கேட்டு வாங்கினார். நீர்க்கோடு அதில்தான் தெரிந்தது.

சுனில் ஜனாவின் படங்களை எண்ணிப் பார்க்கிறேன். 1943-இல் வங்காளப் பஞ்சத்தின்போது, கம்யூனிஸ்ட் கட்சியின் செயலாளராயிருந்த பி. சி. ஜோஷியின் தூண்டுதலால், ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் கமராவோடு கிராமங்களுக்குள் போனார். ஓவியர் சித்தப்பிரசாத் தூரிகையோடு போனார். பின்னாளில் பிரேசில் நாட்டு சல்காடோ, பொருளியல் கற்றவர், 1986-இல் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் சேறு சுமந்து ஏணியேறும் ஆயிரக்கணக்கான தொழிலாளரை எடுத்தார். 2025-இல் அவர் மறைந்தபோது அந்தப் படங்கள் மீண்டும் எங்கும் வந்தன. அவற்றின் பேரழகைக் குறைகூறியவர்கள் உண்டு. சூசன் சொன்ராக் 2003-இல் எழுதிய நூலில் கேட்டது அதைவிடக் கூர்மையானது: படத்தின் அடியில் அந்த வறியவர்களின் பெயர்கள் ஏன் இல்லை? "உழைப்பின் துயரம்" என்று தலைப்பெழுதியவனுக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இப்போது படத்தின் பின்னே பெயரும் நாளும் எழுதுகிறேன். ஒரு பிரதியை உரியவரிடம் கொடுக்கிறேன்.

சென்ற ஆண்டு அம்மா ஒருவர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். மன்னாரின் கரையோரக் கிராமம் ஒன்று. அதற்குமேல் அடையாளம் சொல்லப்போவதில்லை. அவருடைய மகன் போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனவர். ஊர்வலங்களிலே பிடித்துப் பிடித்து மூலை தேய்ந்த படமொன்று, பொலித்தீனில் சுற்றியது, அவர் கையில் இருந்தது. ஊர்வலத்தில் தம்மை எடுத்த படங்கள் பலவற்றைப் பத்திரிகைகளில் பார்த்திருக்கிறார். அவற்றிலெல்லாம் தாம் அழுகிறார். கையிலுள்ள மகன் ஒரு வெள்ளைத் தாளாக மங்கிப்போயிருக்கிறான்.

"என்ர முகம் சின்னனா இருந்தாலும் காரியமில்லை, தம்பி. பிள்ளையின்ர முகம் வடிவாத் தெரியவேணும். நான் பின்னால நிண்டாப் போதும்."

விறாந்தையில் நல்ல வெளிச்சம். படத்தை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். கமராவிலிருந்து அந்தப் படம் அரை மீற்றர். அவர் முகம் ஒரு மீற்றருக்குச் சற்று மேல். இரண்டு பாகக் கணக்கு இங்கே உதவாது. துவாரம் 8-இல் மகன் தெளிந்தால் தாய் மங்கினார். தாய் தெளிந்தால் மகன் மங்கினான். 11-இலும் நிறைவில்லை. 16-க்குப் போனேன். அவ்வளவு குறுகிய துவாரத்தில் ஒளி வளைந்து கூர்மை சற்றுக் குறையும் என்பது தெரியும். குறையட்டும் என்று விட்டேன். குவியத்தை இருவருக்கும் சரிநடுவில் வைக்காமல் மகனுக்குச் சற்று அண்மையாக வைத்தபோது இருவரும் ஒருங்கே தெளிந்தார்கள். கமராவுக்கு அண்மையில் இருந்ததால், உள்ளங்கையளவுப் படத்திலிருந்த பத்தொன்பது வயது முகம் வடிவாகத் தெரியும்படி வந்தது.

பெரிய பிரதியாக எடுத்துக்கொண்டு மறுவாரம் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மகனின் சட்டைப் பொத்தானை விரலால் தொட்டார். பிறகு தம் தோளுக்குப் பின்னால், படத்தின் மூலையில், கதவோரம் தெரிந்த சைக்கிளைக் காட்டினார். அது வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. அகலமான வில்லை, வந்துவிட்டது.

"இது அவன்ர சைக்கிள். இதையும் எடுத்திருக்கிறீங்கள்" என்றார். உள்ளே திரும்பி, சுவரில் ஆணி அடிக்கச் சுத்தியல் கொண்டுவரும்படி பேரனைக் கூப்பிட்டார்.